தாடி ஆருக்கு

காலையில் முதியோர் இல்லத்தில் தரை துடைப்பேன். பிற்பகலில் யாராவது கூப்பிட்டால் மொழிபெயர்க்கப் போவேன். டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எங்கள் முதல் வருடங்கள் அப்படித்தான் போயின. என் கணவர், "உன்ர வாய்க்கு இங்கயும் ஒரு வேலை குடுத்திட்டாங்கள்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அப்போது அங்கே வந்திருந்த தமிழரில் டெனிஷ் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். எனக்கும் அது வராது. ஆங்கிலத்தை நடுவில் போட்டுத்தான் சமாளித்தோம். டெனிஷ்காரர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசுவார், நான் அதைத் தமிழில் சொல்வேன், தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவேன். அகதிகளுக்கு உதவும் அலுவலகத்தில் எனக்கு அரை நாள் பயிற்சி தந்தார்கள். பயிற்சி என்ன பயிற்சி, ஒரு கோப்பியும் சில கட்டளைகளும். சொன்னதை மட்டும் சொல். கூட்டாதே, குறைக்காதே. அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல். உன்னுடைய கேள்வி எதையும் கேட்காதே.

இதெல்லாம் எனக்குப் பெரிய காரியமாகப் படவில்லை. ஆங்கிலத்தில் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவள் நான். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், சங்கீதங்களை ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்புவித்துப் பரிசு வாங்கியவள். அந்தத் தலைக்கனத்தை இறக்கி வைத்தவர் ஒரு மனநல மருத்துவர்.

அந்த டொக்டர் ஐம்பது வயதைத் தாண்டிய டெனிஷ்காரி. நெடிய உருவம், நரைத்த கட்டை மயிர், விரலிடையில் எப்போதும் சிகரெட். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே புகைத்தார்கள். இளவயதில் சில வருடங்கள் இங்கிலாந்தில் வேலை செய்துவிட்டு, அங்கேயிருந்து ஆங்கிலச் சொல்வழக்குகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மனம் நொந்தவர்களைப் பற்றி ஆங்கிலேயருக்கு இத்தனை பேச்சு உண்டென்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். அந்த மூட்டையை அவிழ்க்க வாய்ப்புக் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். அதைச் சுமப்பது என் தலையெழுத்து.

அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் மன்னார்ப் பக்கத்து மனிதர். முப்பத்தைந்து வயதிருக்கும். நெசவு ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தவர் மயங்கி விழுந்துவிட்டார். நல்ல காலம், இயந்திரத்தில் விழாமல் நிலத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தார்கள். உடலில் வருத்தம் எதுவும் இல்லை, ஆள் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். வார்டில் சேர்த்த பிறகும் தட்டில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பிப் போனது. கன்னம் ஒட்டி, நெஞ்சு வரைக்கும் தாடி வளர்ந்து, கழுத்தில் நைலோன் கயிற்றில் மாதா பதக்கம் தொங்கியது.

மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். அவர்களைக் கூப்பிட எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அவர் மட்டுமா? ஹேர்னிங்கில் அன்றைக்குத் தனியாக இருந்த தமிழ் ஆம்பிளைகள் அத்தனை பேரும் தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். ஓம் என்றும் பதில் இல்லை, இல்லை என்றும் பதில் இல்லை. மேலேயிருந்து சொல்லித்தான் அந்த விண்ணப்பங்களைத் தூங்கவைத்தார்கள் என்பது பின்னால் வெளியே வந்தது. அரசாங்கமே விழுந்தது, மந்திரி ஒருவர் மேல் வழக்கும் வந்தது. டெனிஷ்காரர் அதற்குத் தமிழர் வழக்கு என்று எங்கள் பெயரையே வைத்தார்கள். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் தெரியாது. படிவத்தில் ஏதோ பிழை விட்டிருக்கிறோம் என்று அவரவர் தங்களையே நொந்துகொண்டிருந்தோம்.

முதல் நாள் டொக்டர் கேட்ட முதல் கேள்வியே என்னை மடக்கிவிட்டது. இவர் 'பிரேக் டவுன்' ஆகிக்கொண்டிருக்கிறாரா என்று கேட்கச் சொன்னார். எங்கள் ஊரில் பிரேக் டவுன் ஆவது பஸ். மனிதனுக்கு அதை எப்படிச் சொல்வது? உடைந்து போனீர்களா என்றால் சினிமா வசனம். சமாளித்துக்கொண்டு, "அண்ணை, மனம் தாங்கேலாமல் கிடக்கோ எண்டு கேக்கிறா" என்றேன்.

"மனம் நல்லாத்தான் கிடக்கு தங்கச்சி. யோசினைதான்."

எங்களுக்கு யோசினை என்றால் கவலை. அதைக் கவலை என்றே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டாதே, குறைக்காதே என்ற கட்டளை காதில் ஒலித்ததால், நிறைய யோசிக்கிறாராம் என்று சொல்லித் தொலைத்தேன். டொக்டர் மகிழ்ந்துபோய், எதைப்பற்றி யோசிக்கிறார், வாழ்க்கையின் அர்த்தத்தைப் பற்றியா என்று கேட்டார். மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பிறகு கயிறு வந்தது. பொறுமை எல்லாம் தீர்ந்து, இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற நிலையை ஆங்கிலத்தில் கயிற்றின் நுனிக்கு வந்துவிட்டது என்பார்கள். எனக்கு அந்த வழக்கு அன்றைக்குத் தெரியாது. தெரியாததை அப்படியே தமிழாக்கினேன். "நீங்கள் கயித்தின்ர நுனியில நிக்கிறியளோ எண்டு கேக்கிறா."

மனிதர் கதிரையில் நிமிர்ந்துவிட்டார். "ஐயோ, நான் தூங்கிச் சாகிற ஆளில்லை எண்டு சொல்லுங்கோ தங்கச்சி! இவ ஏன் கயித்தை எடுக்கிறா?"

அவர் தூக்குப் போடுவதைப் பற்றிப் பேசுகிறார் என்று நான் சொன்னதுதான் தாமதம், டொக்டர் முகம் மாறி, தாளில் கோடு போட்டு எதையோ எழுதினார். நான் விளக்கப் போக, அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பரிசு வாங்கிய ஆங்கிலம் எந்த மூலையில் போய் ஒளிந்ததோ தெரியவில்லை.

அடுத்தது போத்தல். துக்கத்தை வெளியே விடாமல் உள்ளுக்குள்ளேயே போத்தலில் அடைக்கிறீர்கள் என்பது அவர் சொன்னதன் பொருள். நான் பாதியைச் சொல்லுமுன்பே மனிதருக்குப் போத்தல் மட்டும் பிடிபட்டது. "நான் போத்தல் தொடுறேல்லை. முந்தி எப்பவாவது எடுப்பன். மார்கழியோட அதையும் விட்டிட்டன்." டொக்டர் சமாதானமாக ஒரு சிகரெட்டை நீட்டினார். "இதையும் விட்டிட்டன்" என்று கும்பிட்டார்.

அன்று புறப்படும்போது டொக்டர் என்னிடம் வெளிப்படையாகச் சொன்னார். இந்த மனிதர் உயிர் வாழ விரும்பவில்லை என்றுதான் தனக்குத் தோன்றுகிறது. அடுத்த சந்திப்பு வரைக்கும் பார்ப்பார். அதற்குள் சாப்பிடத் தொடங்காவிட்டால் பூட்டிய வார்டுக்கு மாற்றி, மூக்கால் குழாய் விட்டு உணவு கொடுக்கவேண்டியிருக்கும். கொடுமைக்காரி இல்லை அவர். சொல்லும்போது அவருக்கே வருத்தமாக இருந்தது.

மனிதர் நடைவழியில் காத்து நின்றார். "தங்கச்சி, என்னை விசரன் எண்டு மட்டும் எழுதாமல் பாருங்கோ. விசரன்ர பெண்சாதி பிள்ளையளை இந்த நாட்டுக்குள்ள விடுவாங்களோ? அது ஒண்டுதான் எனக்குப் பயம்."

விசரனின் குடும்பத்தை விடுவார்களா, விடமாட்டார்களா என்று எனக்கும் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "அப்ப சாப்பிடுங்கோவன் அண்ணை, பிரச்சினை முடிஞ்சுதே" என்று கொஞ்சம் எரிந்தும் விழுந்தேன். வீட்டுக்குக் காரில் வரும்போது எனக்கு அவர் மேல் கோபம், டொக்டர் மேல் கோபம், ஆங்கிலேயர் மேல் அதைவிடக் கோபம். சாப்பிடுகிற ஒரு சின்னக் காரியத்தைச் செய்யாமல் இந்த மனிதர் ஏன் எல்லோரையும் வதைக்கிறார் என்று கணவரிடம் புறுபுறுத்துக்கொண்டே வந்தேன்.

இரண்டாவது சந்திப்புக்கு என்னைத் தயார்படுத்திக்கொண்டு போனேன். நூலகத்தில் தடித்த ஆங்கில அகராதி ஒன்றை எடுத்து, மனம், இதயம், கயிறு, போத்தல் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தேன். டொக்டர் புதிதாகச் சுரங்கப்பாதையை எடுத்தார். சுரங்கத்தின் முடிவில் உங்களுக்கு வெளிச்சம் ஏதாவது தெரிகிறதா? மன்னாருக்குப் போகும் ரயில் பாதையில் எனக்குத் தெரிந்து சுரங்கமே இல்லை. "இனி ஒரு நல்ல காலம் வருமெண்டு நம்புறியளோ?" என்று கேட்டேன்.

"ஓம். நம்பாமல்?" என்றார் அவர், இது என்ன கேள்வி என்பது போல.

டொக்டர் குழம்பிப்போனார். நம்புகிறேன் என்கிற மனிதன் ஏன் இப்படிக் கிடக்கிறான்? தாள்களைப் புரட்டினார். தாதிமார் எழுதி வைத்ததை எனக்கு வாசித்துக் காட்டினார். காலையில் கறுப்பு ரொட்டிப் பாண் ஒரு துண்டு, பால் விடாத தேத்தண்ணீர். பகலும் இரவும் எதுவுமில்லை. வாரத்தில் ஒருநாள் நோயாளிகளுக்குச் சோறு வைத்தார்கள். இவருக்காகவே விசேஷமாக இரண்டு கரண்டி கூடப் போட்டுக் கொடுத்தபோது தட்டையே தள்ளிவிட்டார். கட்டிலில் படுப்பதில்லை, போர்வையை நிலத்தில் விரித்துப் படுக்கிறார். சவரக்கத்தி கொடுத்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார். தன்னையே தண்டிக்கிறார் என்று டொக்டர் முடித்தார்.

சாராயம் விட்டாயிற்று. சிகரெட் விட்டாயிற்று. சோறு, கட்டில், சவரம். இதை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தமிழில் அவருக்குத் திருப்பிச் சொல்லத் தொடங்கியபோதுதான், என் வாயாலேயே ஒவ்வொன்றாக வெளியே வந்தபோதுதான், பொறி தட்டியது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் கத்தோலிக்கர். அந்த வீட்டு மாமா ஆடி மாதம் மடு மாதா கோயில் திருநாள் வரைக்கும் இப்படித்தான் இருப்பார். எங்கள் வீடு புரொட்டஸ்தாந்து வீடு, அங்கே நேர்த்திக்கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடவுளோடு பேரம் பேசக்கூடாது என்று அப்பா சொல்வார். மாமாவின் தாடியைப் பார்த்து நாங்கள் வேலிக்குப் பின்னால் நின்று சிரிப்போம்.

தமிழன் தாடி வளர்ப்பதற்கு மூன்று காரணம்தான் உண்டு. காதல் தோல்வி, வீட்டில் சாவு, இல்லாவிட்டால் நேர்த்தி. நான் முதல் நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்வி. டொக்டருக்கு அது கேள்வி என்றே தெரியாது.

டொக்டரிடம், எனக்கு ஒரு கேள்வி கேட்கவேண்டும், அது உங்கள் கேள்வி இல்லை, என்னுடையது என்றேன். அப்படிக் கேட்க எனக்கு அனுமதி இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் பேனையை மூடி மேசையில் வைத்து, கேள் என்று தலையாட்டினார்.

நான் மனிதரின் பக்கம் திரும்பினேன். "அண்ணை, தாடி ஆருக்கு?"

அவர் முகம் வெட்கப்பட்ட பிள்ளையின் முகம் போல ஆகிவிட்டது. "மடு மாதாவுக்கு."

"என்ன நேர்ந்தனீங்கள்?"

"மனிசியும் பிள்ளையளும் வந்து சேருமட்டும் சோறு தொடமாட்டன், ஒரு நேரந்தான் சாப்பிடுவன், கட்டில்ல படுக்கமாட்டன், சாராயம் சுருட்டு இல்லை, முகத்தில கத்தி வைக்கமாட்டன் எண்டு. மார்கழியில நேர்ந்தனான். அப்ப தையிலயோ மாசியிலயோ வந்திடுவினம் எண்டு நினைச்சன்." வெளியே கோடை வந்து மரங்கள் இலை விட்டிருந்தன.

"ஏன் இதை முந்தியே சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது? கயிறு, போத்தல் எண்டெல்லோ கேட்டீங்கள்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்கள் மிஷன் ஆக்கள் எண்டு உங்கட கதையிலயே விளங்கினது. நேத்தி எண்டால் சிரிப்பியள். மாதாவைச் சிரிக்க விடக்கூடாதெண்டு பேசாமல் இருந்திட்டன்."

வேலிக்குப் பின்னால் சிரித்த சிரிப்பு அங்கே என் காதில் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தோஷத்தில் அழுகைதான் வந்தது, அடக்கிக்கொண்டேன். கட்டளைப்படி எல்லாவற்றையும் 'நான்' போட்டே டொக்டருக்குச் சொன்னேன். சேலை கட்டி, பொட்டில்லாத நெற்றியோடு, என் தாடியை நான் கன்னி மரியாளுக்காக வளர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னபோது டொக்டரின் சிகரெட் விரலிலேயே எரிந்து சாம்பல் விழுந்தது.

அவர் நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. மெல்ல மெல்லச் சாவதற்கு இது ஒரு வழியாக இருக்காதா என்று கேட்டார். இந்தக் கேள்வியில் கயிறும் இல்லை, சுரங்கமும் இல்லை. அப்படியே நேராகச் சொன்னேன். "சாகிறதுக்குத்தான் இப்பிடிச் செய்யிறியளோ எண்டு கேக்கிறா அண்ணை."

மனிதர் முதல்முறையாகச் சிரித்தார். தாடிக்குள்ளே பல் தெரிந்தது. "சாகிறவன் ஏன் தங்கச்சி நேருறான்? அவை வந்த பிறகு மடுவில போய் மாதாவுக்குத் தாடி எடுக்கவேண்டியது கிடக்கெல்லோ. நான் செத்தால் அதை ஆர் செய்யிறது?"

நான் சொல்லி முடித்ததும் டொக்டர் முதல் நாள் எழுதிய தாளை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

ஆனால் வயிறு நேர்த்தியை அறியுமா? ஆள் இன்னும் அரை உயிராகத்தான் இருந்தார், பதில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நேர்த்தியை விடுங்கள் என்று டொக்டர் சொன்னார். முடியாது என்று அவர் சொன்னார். இப்போது விட்டால், வருகிறவர்கள் வராமல் போனால், அது தன்னால்தான் என்று ஆகிவிடும். டொக்டர் மறுபடி சிகரெட் பற்றவைத்து, வழக்கறிஞர் கேட்பது போல ஒரு கேள்வி கேட்டார். இது இரண்டு பேருக்கு இடையிலான ஒப்பந்தம் என்றால், மறு தரப்பின் சார்பில் டென்மார்க்கின் இந்த ஜட்லாந்துப் பக்கத்தில் யார் பேசலாம்?

"சுவாமி பேசலாம்" என்றார் மனிதர், யோசிக்காமலே. பாதிரியார் நேர்த்தியை மாற்றிக் கொடுக்கலாம், அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு என்றார். டொக்டர் தொலைபேசிப் புத்தகத்தை எடுத்தார்.

வந்த பாதிரியார் ஒல்லாந்துக்காரர். குள்ளமான, வழுக்கைத் தலைக் கிழவர். கம்பளி மேற்சட்டையில் முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தார். அவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டதும் எங்கள் மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சுவாமியிட்டச் சொல்லுங்கோ தங்கச்சி, அவற்ர ஆக்களுக்குப் பயந்துதான் மாதா காட்டுக்குள்ள போனவ எண்டு." உண்மைதான். இலங்கையை ஒல்லாந்தர் ஆண்டபோது கத்தோலிக்கரை ஓட ஓட விரட்டினார்கள். மாதாவின் சிலையைத் தூக்கிக்கொண்டு சனங்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்த கதையிலிருந்துதான் மடுக் கோயிலே பிறந்தது.

எனக்குக் கூச்சமாக இருந்தது. கூட்டாதே, குறைக்காதே. சொன்னேன். கிழவர் தலையைப் பின்னால் எறிந்து சிரித்தார். அப்படியென்றால் நான் அந்த அம்மாவுக்கு ஒரு மன்னிப்புக் கேட்கவேண்டியவன், ஆகையால் அவளுக்குக் குறை வராமல்தான் இதை முடிப்பேன் என்றார்.

சாமியே வேண்டாம் என்கிற டெனிஷ் டொக்டர், மாதாவைக் கும்பிடாத வீட்டில் பிறந்த நான், ஒல்லாந்துப் பாதிரியார், மன்னார் நேர்த்திக்காரர். நாங்கள் நாலு பேரும் சிகரெட் புகைக்கு நடுவில் உட்கார்ந்து மாதாவோடு பேரம் பேசினோம். அப்பா கேட்டிருந்தால் என்னை வீட்டில் ஏற்றியிருக்கமாட்டார். ஒரு நேரம் என்பதை மூன்று நேரமாக மாற்று என்றார் டொக்டர். ஆகட்டும் என்றார் பாதிரியார். நிலத்தில் படுத்தால் குளிர் ஏறும், மெத்தை போடவேண்டும். ஆகட்டும், ஆனால் கட்டில் வேண்டாம் என்றார் மனிதர். தாடி யாருக்கும் தொந்தரவில்லை, இருக்கட்டும். கடைசியில் சோற்றுக்கு வந்து நின்றது.

"சோறு வேண்டாம் சுவாமி. அது மனிசி பிள்ளையள் வந்த பிறகு அவையோடதான்" என்றார். "அங்க என்ர பிள்ளையளுக்குச் சோறு கிடைக்குதோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாமல் எனக்குத் தொண்டைக்குள்ள இறங்காது."

நான் இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'என்ர பிள்ளையள்' என்ற இடத்தில் நானும் நின்றுவிட்டேன். நான் 'என் பிள்ளைகள்' என்றுதானே சொல்லவேண்டும். எனக்கு அப்போது பிள்ளைகள் இல்லை. இருந்தும் அந்தச் சொல் வாயில் கனத்தது.

டொக்டர்தான் பேச்சைத் தூக்கி நிறுத்தினார். சோறு மட்டும்தானே? என் புருஷன் பிறந்ததிலிருந்து சோறு சாப்பிடாமல்தான் இருக்கிறார், பன்றி மாதிரிக் கொழுத்திருக்கிறார், உருளைக்கிழங்கு தின்னட்டும் என்றார். பாதிரியாரும் ஒத்துக்கொண்டார். டென்மார்க்கின் அவித்த கிழங்கும் மண்ணிறக் குழம்பும் எந்த மாதாவும் ஏற்றுக்கொள்ளும் தவம்தான், நான் இருபது வருடமாகச் செய்கிறேன் என்றார். நான் மொழிபெயர்க்கும் முன்பே மூன்று பேரும் சிரித்தார்கள். மன்னார்க்காரருக்கு ஆங்கிலம் விளங்கியதோ, கிழவரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாரோ தெரியாது.

பாதிரியார் அவர் தலையில் கை வைத்துச் செபித்தார். அன்று பகல் வார்டில் கிழங்கும் இறைச்சி உருண்டையும். மனிதர் முழுத் தட்டையும் முடித்துவிட்டு, "உப்புமில்லை உறைப்புமில்லை, இது நேத்தியேதான்" என்றார். சில நாட்களில் வீட்டுக்கு விட்டார்கள். விசர் என்ற சொல் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

பதில் மட்டும் வரவில்லை. கோடை போய்க் குளிர் வந்தது, குளிர் போய் மறுபடி கோடை. அவர் ஆலைக்குத் திரும்பினார். ஞாயிறு பூசைக்குப் பிறகு, தனியாக இருந்த மற்ற ஆம்பிளைகளுக்குத் தன் அறையில் சோறும் மீன்குழம்பும் சமைத்துப் போட்டார். அவர்களுக்குப் பரிமாறிவிட்டு, தான் ஒரு மூலையில் கிழங்கை மசித்துக்கொண்டிருப்பார். அவர்கள் பகிடி பண்ணுவார்கள். அவர் தாடியைத் தடவிக்கொள்வார். இதற்குள் நான் டெனிஷ் படித்துவிட்டேன், எனக்கும் ஒரு மகள் பிறந்தாள். கடைவீதியில் டொக்டரைக் கண்டால் முதலில் கேட்பது, நம் தாடிக்காரர் எப்படி இருக்கிறார் என்பதுதான்.

பிறகு எங்கேயோ ஒரு மதகு திறந்தது. முதலில் ஒரு வீட்டுக்குப் பதில் வந்தது, அடுத்த கிழமை இன்னொரு வீட்டுக்கு. அவருடைய கடிதம் வந்த அன்று, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கே ஓடி வந்துவிட்டார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே நின்று வாசித்துச் சொன்னேன். வரலாம். மூன்று பேரும் வரலாம். "இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார். வாசித்தேன். அவர் ஈரத் தரையில் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டார்.

மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்து, களைப்பாறிய ஞாயிற்றுக்கிழமை எங்களை விருந்துக்குக் கூப்பிட்டார். டொக்டரையும் கட்டாயம் கூட்டிவரச் சொன்னார். பாதிரியாருக்கு வேறு ஊரில் பூசை, வரமுடியவில்லை.

மனைவி ஒல்லியான, துடியான பெண். சந்தித்த மாத்திரத்திலேயே எனக்குப் பிடித்துவிட்டது. மாதாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்ய மடுவுக்குப் போகமுடியாது, அங்கே சண்டை. தாடியைக் குளியலறையில் எடுத்தாலும் மாதா ஏற்றுக்கொள்வாள் என்று பாதிரியார் தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஆனாலும் மனிதர் அன்று வரைக்கும் தாடியும் எடுக்காமல், சோறும் தொடாமல் தயங்கிக்கொண்டு நின்றார். மனைவி கத்திரிக்கோலைக் கையில் கொடுத்து, "முதல்ல அந்தக் காட்டை வெட்டிப்போட்டு வாங்கோ. பிள்ளையள் பயப்பிடுதுகள்" என்று அனுப்பினார். திரும்பி வந்தவரை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. கன்னமும் நாடியும் வெளிறிப்போய், ஆள் பத்து வயது குறைந்திருந்தார். டொக்டர் கை தட்டினார்.

நிலத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மனைவி பெரிய சட்டியிலிருந்து சோற்றை அள்ளி அவர் தட்டில் வைத்தார். ஆவி பறந்தது. பருப்பு, கத்தரிக்காய், மீன்குழம்பு. பிள்ளைகளின் தட்டு நிறையும் வரைக்கும் அவர் கை வைக்கவில்லை. அவர்கள் சாப்பிடத் தொடங்கிய பிறகு குழம்பை விட்டுப் பிசைந்து, முதல் பிடியை வாயில் வைத்து, மென்று விழுங்கினார். இரண்டாவது பிடியைத் திரட்டிய கை தட்டிலேயே நின்றுவிட்டது. தோள் குலுங்க, பிள்ளைகளுக்கு முன்னால் சத்தமாக அழத் தொடங்கினார்.

டொக்டர் என் பக்கம் சாய்ந்தார். எனக்கு டெனிஷ் வந்த பிறகும் இந்த மனிதரைப் பற்றி நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவோம், அது பழகிவிட்டது. முதல் நாள் கேட்ட அதே கேள்வியை, அதே சொல்லைப் போட்டு, பயந்த குரலில் கேட்டார். பிரேக் டவுனா?

நான் வாய் திறக்குமுன் மனைவி கரண்டியோடு கணவருக்கு முன்னால் குந்தினார். மனைவியின் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. "அழுறதைப் பேந்து ஆறுதலா அழலாம். இப்ப சாப்பிடுங்கோ, சோறு ஆறுது."

"என்ன சொல்கிறார்?" என்றார் டொக்டர்.

"பிறகு ஆறுதலாக அழலாமாம். சோறு ஆறுகிறதாம், சாப்பிடட்டுமாம்" என்றேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

டொக்டர் தலையை ஆட்டிவிட்டு, தனக்கு வைத்த முள்ளுக்கரண்டியை ஒதுக்கி, விரல்களால் சோற்றைத் தொட்டார். மனிதர் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது பிடியை வாயில் வைத்தார். பிறகு மூன்றாவது பிடி. பிறகு யாரையும் பார்க்காமல், குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டே போனார். தட்டு வெறுமையானதும் அதை மனைவியிடம் நீட்டினார்.